அரசுகள் அறிவிக்கும் வெளிநாட்டு நிவாரணப் பணம் உண்மையில் எங்கே போகிறது?

வழிப்போக்கன்:

எங்காவது நிலநடுக்கம், பஞ்சம், போர் என்றால் மறுநாளே "இந்த நாடு இத்தனை கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது, அந்த நாடு இத்தனை கோடி யூரோ" என்று செய்திகள் வரிசைகட்டி வருகின்றன. ஆறு மாதம் போனால் ஐ.நா. அதிகாரி ஒருவர் வந்து "கேட்ட தொகையில் பாதிகூட வந்துசேரவில்லை" என்கிறார். அறிவித்த பணமெல்லாம் என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அரசு அறிவிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? பாதிக்கப்பட்ட நாட்டின் கஜானாவுக்கா, ஐ.நா.வுக்கா, தொண்டு நிறுவனங்களுக்கா? நடுவில் எவ்வளவு கழிகிறது? தானியத்தையும் கூடாரத்தையும் கப்பலேற்றி அனுப்புவதைவிட மக்கள் கையில் நேரடியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? தேடிப் பார்த்தால் ஒன்று அரசுகளே தங்களை மெச்சிக்கொள்ளும் அறிக்கைகள் கிடைக்கின்றன, இல்லாவிட்டால் "எல்லாமே கொள்ளை" என்று கத்தும் வீடியோக்கள். விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.


எண்சுவடி:

நிவாரணத் தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் பணம் போகும் பாதையை மட்டும் சொல்கிறேன், அரசியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மேடையில் அறிவிப்பது வெறும் வாக்குறுதி. அதற்கப்புறம் அந்த அரசும் பணத்தைப் பெறும் அமைப்பும் ஒப்பந்தம் போடவேண்டும். அதற்கும் அப்புறம்தான் பட்டுவாடா, அதுவும் பெரும்பாலும் தவணை தவணையாக. ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா நடத்தும் நிதிக் கண்காணிப்புத் தளத்தில் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் பதிவுசெய்கிறார்கள். செய்தியில் வரும் எண் அநேகமாக முதல் வகை. போன வருடம் சொன்ன தொகையையே புதுப் பெயரில் மறுபடி சொல்வதும் உண்டு, பல வருடத்துக்கான தொகையை ஒரே மூச்சில் சொல்லிவிடுவதும் உண்டு. ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 2010 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் நாடுகள் 990 கோடி டாலர் தருவதாகச் சொன்னது தலைப்புச் செய்தியானது. அதில் முதல் கட்டத்துக்கு உரியது சுமார் 530 கோடிதான், மிச்சம் எப்போதோ.

பாதிக்கப்பட்ட நாட்டின் அரசுக்குப் போகிறதா என்றால், அவசர நிவாரணத்தில் அநேகமாக இல்லை. அதே ஹைட்டியில், நிவாரணப் பணத்தில் அந்நாட்டு அரசுக்கு நேராகப் போனது சுமார் 1 சதவீதம். பெரும்பங்கு உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், அகதிகள் ஆணையம் போன்ற ஐ.நா. அமைப்புகளுக்கும், செஞ்சிலுவைக்கும், பெரிய சர்வதேசத் தொண்டு நிறுவனங்களுக்கும் போகும். நூறு சிறிய அமைப்புகளோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுத் தணிக்கை செய்ய நன்கொடை தரும் அரசுகளின் அலுவலகங்களில் ஆள் கிடையாது. ஒரே ஒப்பந்தம், ஒரே அறிக்கை, வேலை முடிந்தது.

கழிவு பற்றிக் கேட்டீர்கள். நிர்வாகச் செலவுக்கென்று உலக உணவுத் திட்டம் 6.5 சதவீதமும் யுனிசெஃப் பொதுவாக 8 சதவீதமும் எடுத்துக்கொள்கின்றன. இது திருட்டு இல்லை, தலைமை அலுவலகமும் தணிக்கையும் கணினியும் அதிலிருந்துதான் ஓடுகின்றன. ஆனால் பணம் ஐ.நா. அமைப்பிலிருந்து சர்வதேச நிறுவனத்துக்கும், அங்கிருந்து உள்ளூர் அமைப்புக்கும் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இப்படி ஒரு பங்கு கழியும். கடைசிப் படியில் இருக்கிற, சேற்றில் இறங்கி வேலை செய்கிற அமைப்புக்கு மட்டும் பல நேரம் நிர்வாகச் செலவு என்று எதுவும் கிடைக்காது. 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து, 2020க்குள் கால்வாசிப் பணத்தை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 2020 வந்தது, போனது. நேரடியாகப் போகும் பங்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

இதையெல்லாம்விட எங்களைப் படுத்தியது பணத்தோடு வரும் நிபந்தனை. இந்த நாட்டுக்கு, இந்த மாவட்டத்துக்கு, இந்தப் பொருளுக்கு மட்டும் என்று எழுதித்தான் தருவார்கள். ஒரு வெள்ளத்தின்போது தார்ப்பாய்க்கென்று பணம் வந்தது. அது வந்துசேர்வதற்குள் வேறு அமைப்பு ஒன்று அந்தப் பகுதி முழுக்கத் தார்ப்பாய் கொடுத்து முடித்துவிட்டது, மக்களுக்குத் தேவைப்பட்டது தண்ணீர் பிடித்துவைக்கக் கேன். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு ஓரளவுக்கு மேல் மாற்றினால் முன் அனுமதி வாங்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கடிதம் எழுதினோம், விளக்கம் கேட்டார்கள், மறுபடி எழுதினோம். அனுமதி வரும்வரை தார்ப்பாய்க் கட்டுகள் கிடங்கில், கேன் கேட்டு வந்தவர்கள் வாசலில்.


சந்தேகப்பிராணி:

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். எந்த நாட்டு அரசாக இருந்தாலும் அதன் கையில் இருப்பது ஊரார் பணம். அதை எடுத்து வெளிநாட்டுக்குத் தானம் செய்துவிட்டு அமைச்சர் கேமரா முன்னால் நின்று கும்பிடு வாங்குவது எனக்கு உறுத்துகிறது. கொடுக்க நினைக்கிறவர் தன் பையிலிருந்து கொடுக்கட்டுமே. 2004 சுனாமிக்கு உலகம் முழுக்கச் சேர்ந்த சுமார் 1,350 கோடி டாலரில் 550 கோடி சாதாரண மக்கள் கொடுத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பத்து நாளுக்குள் "சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம், போதும்" என்று சொல்லும் அளவுக்குப் பணம் கொட்டியது. மக்களே தரும்போது அரசு எதற்கு நடுவில் வருகிறது?


சுக்கான்:

நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சுனாமி நிவாரணத்தைப் பல அமைப்புகள் சேர்ந்து மதிப்பிட்ட அறிக்கையில், நீங்கள் சொன்ன கணக்கோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற அளவில் பணம் சேர்ந்தது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். மக்கள் மனமுவந்துதான் கொடுக்கிறார்கள், ஆனால் டிவியில் பார்த்ததற்குத்தான் கொடுக்கிறார்கள். அலை பாய்ந்து வருவதைக் காட்டலாம், வருடக்கணக்காக நடக்கும் பட்டினியை எப்படிக் காட்டுவது? யாரும் பார்க்காத இடத்துக்கும் கொஞ்சம் பணம் போகவேண்டும் என்றால் அது பொதுப்பணமாகத்தான் இருக்கமுடியும். 2006இல் தொடங்கிய செர்ஃப் என்ற ஐ.நா. மத்திய அவசர நிதியில் "பணம் சேராத நெருக்கடிகள்" என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசுகள் முன்கூட்டியே பொதுவாகப் போட்டுவைக்கும் பணம், எங்கே கொடுப்பது என்று கொடுத்தவர் சொல்லமுடியாது. பிரச்சினை என்னவென்றால் வருடத்துக்கு 100 கோடி டாலர் சேர்க்கவேண்டும் என்று பொதுச்சபை 2016இல் சொன்னது, இதுவரை அந்த அளவை அது தொட்டதில்லை.

சரி, "ஊரார் பணம்" என்றீர்களே, எவ்வளவு என்று பார்ப்போம். அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுக்கும்போதெல்லாம், அரசின் செலவில் கால்வாசி வெளிநாட்டு உதவிக்குப் போவதாக மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, அதிலும் அவசர நிவாரணம் ஒரு பகுதி. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது 1970இல். 2023இல் அதை எட்டிய பணக்கார நாடுகள் நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், ஜெர்மனி, டென்மார்க், அவ்வளவுதான். பிரிட்டன் 2015இல் அதைச் சட்டமாகவே போட்டது, 2021இல் 0.5 ஆகக் குறைத்தது, 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இன்னொரு கூத்து. தன் நாட்டுக்குள் வந்த அகதிகளுக்கு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும் செலவையும் "வெளிநாட்டு உதவி" என்று கணக்குக் காட்டலாம் என்பது பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் விதி. 2022இல் பிரிட்டனின் உதவி நிதியில் 29 சதவீதம் இப்படி உள்நாட்டிலேயே செலவானது. 2024இல் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து இந்தத் தலைப்பில் காட்டியது சுமார் 2,780 கோடி டாலர், உண்மையான மனிதாபிமான நிவாரணத்துக்குக் கொடுத்தது சுமார் 2,420 கோடி. அகதிகளுக்குச் செலவு செய்வது தப்பு என்று சொல்லவரவில்லை, அதை எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

தானியத்தைக் கப்பலேற்றுவது பற்றியும் வழிப்போக்கன் கேட்டிருந்தார். அது அமெரிக்காவின் நீண்ட காலப் பழக்கம். 1954இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் வந்த சட்டம், உபரியாக விளைந்த தானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வழிசெய்தது. அனுப்புவதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்றும் விதி இருக்கிறது, 2012 வரை அது முக்கால் பங்கு. அந்தக் கப்பல்களின் கூலி அதிகம், பயணம் மாதக்கணக்கு. பக்கத்து நாட்டிலேயே தானியம் வாங்கினால் சீக்கிரமும் சேரும், மலிவாகவும் முடியும் என்று அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. விவசாய மாநில உறுப்பினர்களும் கப்பல் கம்பெனிகளும் விடவில்லை. ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. அந்த விவசாயிகளும் கப்பல்காரர்களும் ஆதரித்ததால்தான் அந்த நிதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் இத்தனை காலம் வெட்டுப்படாமல் தப்பித்தது.


மழைக்காகம்:

எல்லோரும் எவ்வளவு, யாருக்கு என்றே பேசுகிறீர்கள். எப்போது என்பதை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

சோமாலியாவில் 2010 கடைசியிலேயே மழை பொய்க்கும், அடுத்த வருடம் நிலைமை கெடும் என்று ஃப்யூஸ் நெட் எச்சரித்தது. அது பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்வதற்கென்றே அமெரிக்க அரசு 1985இல் தொடங்கிய அமைப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள். பணம் வரவில்லை. 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகுதான் மளமளவென்று வந்தது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர், பாதிப் பேர் ஐந்து வயதுக்குக் கீழே. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதி அந்த அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்கள்.

பஞ்சம் என்று அறிவிக்க என்ன வேண்டும் தெரியுமா? ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குக் கடுமையான ஊட்டக்குறைவு, தினமும் 10,000 பேரில் இரண்டு பேர் சாகவேண்டும். பொதுவாக இந்த மூன்று அளவையும் எட்டினால்தான் அந்த அறிவிப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அமைச்சர், சாவு எண்ணிக்கை வந்துசேர்ந்த பிறகு காசோலை எழுதுகிறார் என்றுதான் அர்த்தம்.

களத்தில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குழந்தையின் இடது மேற்கையில் சுற்றி அளக்க ஒரு நாடா இருக்கிறது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அதற்குக் கொடுப்பது வேர்க்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துகள் கலந்து அரைத்த விழுது, 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் சேர்க்க வேண்டாம், மூலையைக் கிழித்துப் பிதுக்கினால் குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும். 150 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டி, ஒரு குழந்தையை ஆறு முதல் எட்டு வாரத்தில் மீட்டுவிடும் என்பது பொதுவான கணக்கு. நாடா மஞ்சளில் இருக்கும்போதே உதவி வந்தால் இந்தப் பெட்டியே பல குழந்தைகளுக்குத் தேவைப்படாது. சிவப்பாகி, கூடவே நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துவிட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை, ஆஸ்பத்திரி வேண்டும்.

முன்கூட்டிக் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. 2017இல் அதே சோமாலியாவில் வறட்சி கடுமையாக இருந்தும் நன்கொடை அரசுகள் வருடத் தொடக்கத்திலேயே பணத்தை விட்டார்கள், பஞ்சம் தவிர்க்கப்பட்டது. 2020இல் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றில் வெள்ளம் உச்சத்துக்கு வருமுன்பே, முன்னறிவிப்பை மட்டும் வைத்து செர்ஃப் நிதி விடுவிக்கப்பட்டு, குடும்பங்களின் கைக்குப் பணம் போனது. எந்த அளவைத் தாண்டினால் பணம் விடவேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டார்கள், அதனால் நெருக்கடி நேரத்தில் கூட்டம் போட்டு விவாதிக்கவேண்டியிருக்கவில்லை.


சந்தேகப்பிராணி:

சோமாலியாவைச் சொன்னீர்கள், முழுசாகச் சொல்லுங்கள் என்று இப்போது நான் கேட்கலாமா? 2010இல் ஐ.நா.வின் கண்காணிப்புக் குழுவே, அங்கே போன உணவு உதவியில் பாதி வரை ஒப்பந்தக்காரர்கள், ஆயுதக் குழுக்கள் கைக்குப் போகிறது என்று எழுதியது. அதற்கப்புறமும் வரிப்பணத்தை ஏன் கொட்டவேண்டும்?


மழைக்காகம்:

அப்படி எழுதியது உண்மை, அந்த எண்ணை உலக உணவுத் திட்டம் மறுத்ததும் உண்மை. கசிவே இல்லை என்று இந்தத் துறையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். சோமாலியாவின் தெற்கில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்திருந்த அல்ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் ஒரு டாலர் போனாலும் பயங்கரவாதத்துக்கு உதவிய குற்றமாகிவிடும் என்ற அமெரிக்கச் சட்டத்தால் தொண்டு நிறுவனங்கள் பயந்தன, அமெரிக்க நிதியும் 2008க்குப் பிறகு சரிந்தது, உலக உணவுத் திட்டமும் 2010 தொடக்கத்தில் தெற்குப் பகுதியை விட்டு வெளியேறியது. வறட்சி வந்தபோது அங்கே ஆளும் இல்லை, உணவும் இல்லை. கசிவை அடைக்கக் குழாயையே மூடினார்கள், அப்புறம் நடந்ததுதான் மேலே இருக்கும் சாவுக் கணக்கு. ஐ.நா. விதிக்கும் தடைகளில் மனிதாபிமான உதவிக்குப் பொதுவான விலக்கு தரும் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை போட்டது 2022 டிசம்பரில்தான்.


வழிப்போக்கன்:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு விஷயம். நேரடியாகப் பணம் தருவது பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அப்புறம், 2025இல் அமெரிக்கா கையை விரித்த பிறகு நிலைமை என்ன? கொடுத்தார்களா இல்லையா என்பதை என்னைப்போன்ற ஆள் சரிபார்க்கமுடியுமா?


எண்சுவடி:

கையில் பணம் தருவது பெரும்பாலான இடங்களில் வேலை செய்கிறது, அதைப் பற்றி இப்போது பெரிய சண்டை இல்லை. துருக்கியில் 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளுக்கு மாதாமாதம் அட்டையில் பணம் ஏற்றினார்கள். வாடகைக்கா, மாவுக்கா, பிள்ளையின் செருப்புக்கா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்தது. தார்ப்பாய், கேன் தகராறே கிடையாது. ஆனால் கடை திறந்திருக்கவேண்டும், கடையில் சரக்கு இருக்கவேண்டும். முற்றுகையில் இருக்கும் ஊரில் பணம் கொடுத்தால் விலைதான் ஏறும். அது தவிர, பொருள் கொடுப்பதில் பிழைப்பு நடத்தும் அமைப்புகளும் இருக்கின்றன, அவர்களுக்கு மாறுவதில் அவசரம் இல்லை. உலக அளவில் மொத்த நிவாரணத்தில் பணமாகவோ கூப்பனாகவோ போவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

2025 கதை நீளமானது. 2024 வரை ஐ.நா. பதிவுசெய்த மனிதாபிமான நிதியில் சுமார் 40 சதவீதம் அமெரிக்காவுடையது, ஒரே நாட்டை இப்படி நம்பியிருந்ததே கோளாறு. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்றார்கள், ஆனால் ஒப்புதல் தரவேண்டிய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பணம் அனுப்பும் கணினி அமைப்பும் முடங்கிக் கிடந்தது, அதனால் விலக்கு காகிதத்தோடு நின்றது. சூடானில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் நடத்திவந்த அவசரகாலக் குழுக்களின் பொதுச் சமையற்கூடங்களில் பெரும்பகுதி சில வாரத்துக்குள் மூடிக்கொண்டன. மழைக்காகம் சொன்ன ஃப்யூஸ் நெட் தளமும் அந்த மாதமே இருண்டது, பல மாதம் கழித்துத்தான் ஓரளவு திரும்பியது. ஜூலை 1 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் அதிகாரபூர்வமாகக் கதையை முடித்து வெளியுறவுத் துறைக்குள் போய்விட்டது.

ஐ.நா.வும் கேட்பதையே குறைத்துக்கொண்டது. 2025க்கு முதலில் சுமார் 4,700 கோடி டாலர் கேட்டிருந்தார்கள், ஜூனில் "இதாவது கிடைத்தால் போதும்" என்று 2,900 கோடிக்கு ஒரு சுருக்கப் பட்டியல் போட்டார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். கேட்கும் தொகை குறைந்தால் "இத்தனை சதவீதம் கிடைத்துவிட்டது" என்ற எண் பார்க்க அழகாகிவிடும். தேவைப்படுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரிபார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த ஓச்சா தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், வருடத்தைத் தேர்ந்தெடுங்கள், கொடுத்த அரசு, பெற்ற அமைப்பு, தொகை மூன்றும் வரிசையாக வரும். வாக்குறுதி என்று போட்டிருப்பதை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தமானதும் கொடுத்துமுடித்ததும் மட்டும் பாருங்கள், தேதியையும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அங்கே பதிவுசெய்வது அரசுகளும் அமைப்புகளும் தாமாகச் சொல்வதுதான், கட்டாயம் இல்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேராக விமானத்தில் அனுப்பும் பொருளெல்லாம் பல நேரம் அதில் ஏறுவதே இல்லை. அதனால் பட்டியலில் பெயர் இல்லாத நாடு எதுவுமே தரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.